ஒழுகும் கூரையும் ஒப்பமிடும் கையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். ஊரும் பெயரும் இங்கே வேண்டுவதில்லை. முதல் நாள் இரவு நல்ல மழை. காலையில் காரியதரிசி நூல் கிடங்கைத் திறந்தபோது, சுவரோரமாக அடுக்கி வைத்திருந்த நூல் கட்டுகளில் கீழ்வரிசை முழுவதும் நனைந்து கிடந்தது. நனைந்ததை வெயிலில் உலர்த்தினார்கள். எனினும் சாயமிட்ட நூலில் கறை ஏறிவிட்டது. கஞ்சி போட்டு வைத்திருந்த பாவில் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்தது. அந்தப் பாவை எதிர்பார்த்துத் தறியில் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த வாரம் கூலி இல்லை.

வருத்தம் இதனோடு முடியவில்லை. பழைய செலவுச் சீட்டுகளைப் புரட்டினேன். மூன்று ஆண்டுகளில் மூன்று முறை அதே கூரைக்கு 'வாட்டர் புரூஃபிங்' செய்ததாகப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒரு சீட்டின் கீழே, சரிபார்த்ததற்கு அடையாளமாக என்னுடைய கையொப்பமே இருந்தது. நான் பட்டதாரி, கணக்குப் பார்ப்பதே என் தொழில். ஆயினும் அந்தச் சீட்டில் இருந்த தொகைகளைக் கூட்டிப் பார்த்தேனேயன்றி, அதில் இருந்த சொற்களின் பொருளைக் கேட்டுப் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் அவ்வூர்க் கொத்தனார் ஒருவரை அழைத்துக்கொண்டு மாடி ஏறினோம். வயது முதிர்ந்தவர். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாட்டமே இல்லையே ஐயா, தண்ணீர் எங்கே போகும்?" என்றார். "வாட்டம் என்றால் என்ன, பெரியவரே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு செம்புத் தண்ணீரைத் தளத்தில் ஊற்றினார். அது ஊற்றிய இடத்திலேயே நின்றது. தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவுக்குத்தான் வாட்டம் என்று பெயர். பிறகு அவர் கைப்பிடிச் சுவரின் அடியைக் காட்டினார். சுவரும் தளமும் சேருமிடத்தில் கத்தி முனை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு நீளமாக ஓடியது. மூலையிலிருந்த தூம்பின் வாயை வேப்பிலைச் சருகு அடைத்திருந்தது. போதாததற்கு, மூன்று முறை பூசிய பூச்சும் அந்த வாயைச் சற்று மேடாக்கியிருந்தது. "மருந்தை மேலே மேலே பூசியிருக்கிறார்கள். நோவு அங்கே இல்லை" என்றார்.

அன்று நான் கற்ற பாடம் ஒன்றே. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று அறியாமல் மருந்தை வாங்கக் கூடாது. மதிப்பீட்டிலுள்ள சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் அறியாமல் ஒப்பமிடக் கூடாது. சங்கத்துப் பணம் அங்கத்தினர் பணம் ஆதலால், கூரைத் தொழிலில் வழங்கும் சொற்களையும் பொருள்களையும் நிர்வாகக் குழுவினரும் அங்கத்தினர்களும் ஓரளவேனும் தெரிந்துகொள்வது அவசியம். கொத்தனாரிடமும் பொறியாளரிடமும் கேட்டும், நேரில் பார்த்தும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

நீர் வரும் ஐந்து வழிகள்

கட்டடத்தினுள் ஈரத்தைக் கண்டவுடன் "கூரை ஒழுகுகிறது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஈரம் ஐந்து வகையாக வரும். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு, பரிகாரமும் வெவ்வேறு.

முதலாவது ஒழுக்கு. மழை பிடித்த சிறிது நேரத்தில் சொட்டத் தொடங்கி, மழை விட்டதும் நின்றுவிடும். உடைந்த ஓடு, நகர்ந்த ஓடு, ஆணித் துளை போன்ற நேரான வழி ஒன்று இருப்பதற்கு இது அடையாளம்.

இரண்டாவது கசிவு. மழை பெய்து சில மணி நேரம் கழித்துத் தோன்றும். மழை விட்ட பிறகும் ஓரிரு நாள் நீடிக்கும். கூரையின் அடிப்புறத்தில் பழுப்பு நிற வட்டங்கள் படரும். தளத்தின் மேல் நீர் தேங்கி, மெல்லிய வெடிப்புகளின் வழியே இறங்குகிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவது சாரல். காற்று ஒரு திசையிலிருந்து அடிக்கும்போது மட்டும் அந்தப் பக்கத்துச் சுவர் நனையும். இதற்குக் கூரையின் மேல் பூசி என்ன பயன்? இறவாரத்தை, அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பை, இன்னும் நீட்ட வேண்டும். அல்லது ஜன்னலின் மேலுள்ள சன்ஷேடைச் சரிபார்க்க வேண்டும். சன்ஷேடின் அடி விளிம்பில் ஒரு சிறு பள்ளக் கோடு இழுத்திருப்பார்கள். நீர் சுவரை நோக்கி ஊர்ந்து போகாமல் அங்கேயே சொட்டி விழுவதற்காக ஏற்பட்டது அது. அந்தக் கோட்டைப் பூச்சு வேலையில் மூடிவிட்டால் சுவர் நனையும்.

நான்காவது ஓதம். இது கீழிருந்து மேலேறும். தரையிலுள்ள ஈரத்தைச் செங்கல் உறிஞ்சுவதால் சுவரின் அடிப்பாகம் முழங்காலளவுக்கோ இடுப்பளவுக்கோ ஈரித்து, காரை பொரிந்து, வெள்ளை உப்புப் பூக்கும். மழையில்லாத நாளிலும் இது இருக்கும். அஸ்திவாரத்துக்கு மேல், சுவர் எழுமுன் போடுகிற ஓதத்தடை அடுக்கு இல்லாமையோ, அது கெட்டுப்போனதோ இதற்குக் காரணம். கட்டடக்காரர்கள் அதை டி.பி.சி. என்பார்கள். குழித்தறி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் துன்பம் நன்கு தெரியும். குழியில் ஊறும் நீர் கூரையிலிருந்து வருவதன்று. வாசலிலும் கொல்லையிலும் தேங்கிய நீர் மண்ணின் வழியே வருவது. கூரைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சுவரைச் சுற்றி வடிகால் வெட்டினால் தறி ஓடும்.

ஐந்தாவது வியர்ப்பு. தகரக் கூரையின் கீழ் விடியற்காலையில் முத்து முத்தாக நீர் திரண்டு சொட்டும். முதல் நாள் மழையே பெய்திராது. உள்ளேயிருக்கும் ஈரக் காற்று, இரவில் குளிர்ந்த தகட்டின் மேல் பட்டு நீராகிறது. ஓரிடத்தில் மட்டுமின்றித் தகடு முழுவதிலும் பரவலாகக் காணப்படுவதே இதன் அடையாளம். இதற்குப் பரிகாரம், முகட்டருகிலும் சுவரிலும் காற்றுப் போக்கிடம் வைப்பதும், தகட்டின் கீழ் வெப்பத்தடைப் பொருள் பதிப்பதுமாகும்.

இவற்றைப் பிரித்தறியப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் சாக்குக்கட்டியும் போதும். ஈரம் கண்ட இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டு, தேதி, மழை தொடங்கிய நேரம், சொட்டத் தொடங்கிய நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஓட்டுக் கூரையில் நீர் கைமரத்தின் வழியே சில அடி தூரம் ஊர்ந்து வந்து விழும். தளத்திலும் வெடிப்பின் போக்கிலே போய் வேறோரிடத்தில் வெளிப்படும்.

சாய்ந்த கூரைகள்

ஓட்டுக் கூரையின் உறுப்புகளின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இரு சரிவுகளும் உச்சியில் சேரும் வரி முகடு. முகட்டிலிருந்து சுவருக்கு இறங்கும் மரங்கள் கைமரங்கள். அவற்றின் மேல் குறுக்கே அடித்திருக்கும் சிறு சட்டங்கள் ரீப்பர்கள். ஓடு உட்காருவது இவற்றின் மேலேதான். இரு கூரைச் சரிவுகள் உட்புறமாகச் சந்தித்துப் பள்ளமாகும் இடம் கூடல்வாய். இரண்டு கூரைகளின் நீரும் அங்கே வந்து சேருவதால், ஒழுக்குக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. அடுத்துப் பார்க்க வேண்டியவை முகட்டு ஓடுகளின் சாந்தும், கூரை சுவரில் முட்டுமிடமும் ஆகும்.

கீற்றுக் கூரைக்கு உயிர் அதன் சரிவு. சரிவு குறைந்தால் நீர் தங்கிக் கீற்று மக்கும். குளிர்ச்சி தருமாயினும், நூலும் பஞ்சும் வைக்கும் இடத்துக்கு, தீப்பற்றும் அபாயம் கருதி, அது ஏற்றதன்று.

நாட்டு ஓடு என்பது குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து இரண்டாகப் பிளந்த ஓடு. ஒரு வரிசை மல்லாந்தும் அடுத்த வரிசை அதன் மேல் கவிழ்ந்தும் அமையும். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பள்ளம் இதில் இல்லை. ஆதலால் பூனையும் குரங்கும் ஓடினால் நகர்ந்துவிடும். மழைக்கு முன் பிரித்து வேய்வது பழைய வழக்கம். அவ்வழக்கத்தை விட்டவர்களே ஓட்டைக் குறை சொல்கிறார்கள்.

சீமை ஓடு, மங்களூர் ஓடு என்று நாம் சொல்வது, 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழியாகத் தென்னாட்டில் பரவியது. ஓரத்தில் பள்ளமும் மேடும் இருப்பதால் ஓடுகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். உடைந்த ஓட்டை மட்டும் எடுத்து மாற்றலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. ஒரே அச்சில் வந்த ஓடுகளைச் சங்கம் கொஞ்சம் சேமித்து வைப்பது நல்லது. வேறு தொழிற்சாலையின் ஓடு பல சமயம் பள்ளத்தில் சரியாக உட்காராது. அந்த இடைவெளியில் சாரல் நுழையும்.

தகரம் என்று பொதுவாகச் சொல்வது, துருப்பிடிக்காதிருக்கத் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. துத்தநாகம் தான் முதலில் அரிந்து இரும்பைக் காக்கும்; அது தேய்ந்த பிறகே துரு தோன்றும். இப்பொழுது 'கால்வால்யூம்' என்ற பெயரில் விற்பவை அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசியவை. அத்தகடுகளின் மேல் ஈரச் சிமெண்டுக் கலவையைப் பூசி இடைவெளி அடைக்கக் கூடாது. பூச்சை அது அரித்துவிடும். நெளி தகட்டில் ஆணிக்கோ ஜே போல்ட்டுக்கோ துளையிடுவது எப்போதும் நெளியின் மேட்டிலேயே இருக்க வேண்டும். பள்ளத்தில் துளையிட்டால் ஓடும் நீர் முழுவதும் அத்துளையைக் கடந்தே போகும். ஆணியின் கீழுள்ள ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். தகரக் கூரை ஒழுக்குகளில் பல, சில ரூபாய் பெறுமான வாஷரை மாற்றினால் நின்றுவிடக் கூடியவை.

கல்நார் சிமெண்டுத் தகடு, அதாவது ஆஸ்பெஸ்டாஸ், நம் பட்டறைகளிலும் கிடங்குகளிலும் இன்னும் நிறைய இருக்கிறது. இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. தகடு முழுதாக இருக்கும்வரை இழைகள் பெரும்பாலும் சிமெண்டிலே கட்டுண்டு கிடக்கும். அதை உலர்ந்த நிலையில் அறுப்பதும், துளையிடுவதும், உடைப்பதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும்தான் பெரிய ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் எழும்பி மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். புதுக் கூரைக்கு இதை வாங்க வேண்டாம். பழையதை எடுக்கும்போது நன்றாக நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும்; வேலை செய்பவர் தக்க முகமூடி அணிய வேண்டும். உடைந்த துண்டுகளைத் தூளாக்கி வழியில் கொட்டக் கூடாது. மற்றொன்று: பழைய கல்நார்த் தகடு மனிதர் எடையைத் தாங்காது. அதன் மேல் நேராகக் கால் வைத்தவர்கள் தகடு உடைந்து கீழே விழுந்திருக்கிறார்கள். கீழுள்ள சட்டங்களின் மேல் தாங்கும்படி நீண்ட பலகை போட்டு, அதன் மேலேயே நடக்க வேண்டும்.

தட்டைக் கூரைகள்

சங்கக் கட்டடங்களுள் பழையன சில மெட்ராஸ் டெரஸ் வகையைச் சேர்ந்தவை. மரச் சட்டங்களின் மேல், அச்சுக்கல் எனப்படும் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, மூலைவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இட்டு, பலநாள் மரக்கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்புக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பதுண்டு. இத்தகைய கூரை சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் இயல்புடையது. அதன் மேல் கெட்டியான சிமெண்டுக் கலவையைப் பூசினால் சிமெண்டு சுருங்கித் தனியே வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் வெளியேற வழியின்றி மரச் சட்டங்களை உளுக்கச் செய்யும். பழைய சுண்ணாம்புக் கூரையைச் சுண்ணாம்பைக் கொண்டே செப்பனிட வேண்டும்.

இக்காலத்துக் கான்கிரீட் தளத்தின் மேலும் அதே முறையின் ஒரு பகுதி வழங்குகிறது. கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம், அதன் மேல் தட்டோடு. இவ்விரண்டையும் சேர்த்து மதிப்பீட்டில் 'வெதரிங் கோர்ஸ்' என்று எழுதுவார்கள். கொத்தனார்கள் சுருக்கி போடுவது என்பதும் இதைத்தான். வெயிலின் சூட்டைத் தடுப்பதும், வாட்டம் கொடுப்பதும் இதன் இரு பயன்கள். வாட்டம் எவ்வளவு வேண்டும்? 60-க்கு 1 என்பது நல்ல அளவு. அதாவது, தூம்பை நோக்கி 10 அடிக்கு 2 அங்குலம் இறங்க வேண்டும். நீர் மட்டக் குழாய் ஒன்றிருந்தால் இதை எவரும் அளந்து பார்த்துவிடலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: 10 சென்டிமீட்டர் கனமுள்ள ஜல்லித் தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதுத் தளம் போடுவதாக எவரேனும் சொன்னால், கூரை அதைத் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் இசையக் கூடாது.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தட்டைக் கூரையின் கூடல்வாய் போன்றது. வெயிலில் தளம் விரியும், இரவில் சுருங்கும். சுவரோ வேறு விதமாக அசையும். ஆதலால் அம்மூலையில் செங்கோணமாக விடாமல், கலவையால் வளைவாக நிரப்பி, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரின் மேலும் ஓரடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும்.

தளத்தின் அடிப்புறத்தில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அது பூச்சு வேலையின் எல்லையைக் கடந்துவிட்டது என்று அறியுங்கள். இரும்பு துருவாகும்போது பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். மேலே என்ன பூசினாலும் அது நிற்காது. அக்கூரையின் கீழ் ஆட்களை உட்கார வைக்காமல், உடனே பொறியாளரை அழைக்க வேண்டும்.

டப்பாவில் வரும் மருந்துகள்

தார், பிட்டுமன் என்ற இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். தார் நிலக்கரியிலிருந்து கிடைப்பது. பிட்டுமன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது எஞ்சுவது. இன்று கூரைக்கு வருவது பெரும்பாலும் பிட்டுமனே. அதனுடன் பிளாஸ்டிக் பொருள் சேர்த்து, 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனமுள்ள சுருளாக விற்பதைத் தீச்சுடரால் உருக்கி ஒட்டுவார்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் விளிம்புகள் நன்கு உருகி ஒட்டினால்தான் பயன். நூலும் பஞ்சும் இருக்கும் கட்டடத்தில் இவ்வேலை நடக்கும்போது சரக்கை அப்புறப்படுத்தி, தண்ணீரும் மணலும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

அக்ரிலிக் பூச்சு ரப்பர் போல் சற்று இழுபடும், வெயிலைத் தாங்கும். ஆனால் நீர் நாட்கணக்கில் தேங்கி நின்றால் மென்மையாகி உரியும். வாட்டமில்லாத தளத்தில் இதைப் பூசுவது வீண். பாலியூரிதேன் பூச்சு இதனினும் உறுதியானது, விலையும் அதிகம். அதன் மேல் வெயில் காப்பு வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிமெண்டுத் தூளும் பால் போன்ற திரவமும் கலந்து பூசுவது மற்றொரு வகை. தொட்டி, குளியலறை, தட்டோட்டின் அடிப்புறம் ஆகிய இடங்களுக்கு ஏற்றது. கான்கிரீட் கலக்கும்போதே சேர்க்கும் நீர்த்தடுப்பு மருந்தும் உண்டு. அது புதுக் கட்டடத்துக்குத்தான் உதவும். பழைய தளத்தின் வெடிப்பை அது அடைக்காது. வெள்ளையடிப்பது சூட்டைக் குறைக்கும். அதனால் மட்டும் நீர் தடைபடாது.

வெடிப்பை அடைக்குமுன் அது அசைகிற வெடிப்பா என்று பார்க்க வேண்டும். வெடிப்பின் குறுக்கே சாந்தால் ஒரு சிறு வில்லை வைத்து, அதில் தேதி எழுதுங்கள். சில வாரத்தில் வில்லை பிளந்தால் வெடிப்பு அசைகிறது. அத்தகைய வெடிப்பைச் சிமெண்டால் அடைத்தால் மீண்டும் பிளக்கும். இழுபடும் பொருளால்தான் அடைக்க வேண்டும்.

மதிப்பீட்டைப் படிக்கும் முறை

கணக்குப் பார்ப்பவருக்கு மிகவும் உதவும் ஒரு வாய்ப்பாடு உண்டு. ஒரு லிட்டர் பூச்சு ஒரு சதுர மீட்டரில் பரவினால் அதன் ஈரக் கனம் 1 மில்லிமீட்டர். உலர்ந்தபின் அதுவும் குறையும். நான் சொன்ன கிடங்கின் தளம் 160 சதுர மீட்டர். சீட்டிலோ 'மூன்று கோட்டு' என்றும், வாங்கிய மருந்து 40 லிட்டர் என்றும் இருந்தது. 40-ஐ 160-ஆல் வகுத்தால் மூன்று கோட்டும் சேர்ந்து கால் மில்லிமீட்டர். நான் ஒப்பமிட்ட சீட்டிலேயே இந்த விடை இருந்தது. வகுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எனவே மதிப்பீட்டில் 'கோட்டு' எத்தனை என்பதோடு, சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர், உலர்ந்த கனம் எவ்வளவு என்பவையும் இருக்க வேண்டும். முத்திரை உடையாத டப்பாக்களை எண்ணி வாங்கி, வேலை முடிந்தபின் காலி டப்பாக்களையும் எண்ண வேண்டும்.

இரண்டாவது வாய்ப்பாடு மழையைப் பற்றியது. ஒரு சதுர மீட்டரில் பெய்யும் 1 மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். அதே கிடங்கின் மேல் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 8,000 லிட்டர். அத்தனை நீரும் எந்தத் தூம்பின் வழியாக, எங்கே போய் விழுகிறது என்ற கேள்விக்கு மதிப்பீட்டில் விடை இல்லையானால், அம்மதிப்பீடு முழுமையானதன்று.

'உத்தரவாதம் 5 ஆண்டு' என்ற வரியைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. உத்தரவாதம் பொருளுக்கா, வேலைக்கா? தளம் முழுவதற்குமா, பூசிய இடத்துக்கு மட்டுமா? கைப்பிடிச் சுவரின் மூலை அதில் அடங்குமா? கொடுப்பவர் பொருளை விற்றவரா, வேலை செய்தவரா? இவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். முடிந்த வேலையைச் சோதிக்கத் தூம்புகளை அடைத்து, தளத்தில் நீர் கட்டி, ஒரு நாளேனும் நிறுத்திப் பார்ப்பார்கள். 5 சென்டிமீட்டர் நீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. நல்ல கான்கிரீட் தளத்துக்கு இது பொருந்தும். பழைய மெட்ராஸ் டெரஸில் இச்சோதனையைச் செய்யக் கூடாது. சோதனை முடிந்த பிறகே கடைசித் தவணைப் பணம் தருவதென்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நலம்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் தூம்பைத் துப்புரவு செய்தல், இரண்டாவது வாட்டம், மூன்றாவது மூலைகளும் சேர்மானங்களும், நான்காவது வெடிப்புகள், பூச்சு ஐந்தாவதாகவே வர வேண்டும். கடைசியில் வர வேண்டியதை முதலில் செய்வதால்தான் சங்கங்களின் பணம் ஆண்டுதோறும் மழையோடு போகிறது. இவையெல்லாம் பங்குனி, சித்திரையில், தளம் நன்கு உலர்ந்திருக்கும்போது செய்ய வேண்டியவை. புரட்டாசியில் அவசரமாகப் பூசிய பூச்சு, அடியிலுள்ள ஈரத்தால் கொப்புளித்து எழும்பிவிடும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். நிலக்கடலை ஈரம் பட்டால் அதில் பிடிக்கும் பூஞ்சை அஃப்லடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அதைத் தின்றால் மனிதருக்கும் கால்நடைக்கும் ஈரல் கெடும். அந்நஞ்சு கடலையை மறுபடி உலர்த்துவதால் போவதில்லை. ஆகவே நூலோ, கடலையோ, மஞ்சளோ, எதுவாயினும் தரையிலிருந்து பலகை மேல் உயர்த்தி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள். எந்தக் கூரையின் கீழும் இது நல்ல பழக்கம்.

அந்தக் கிடங்கின் கதையை முடித்துவிடுகிறேன். அடுத்த சித்திரையில் நிர்வாகக் குழு அந்தக் கொத்தனாரையே அழைத்தது. தூம்பின் வாய் தாழ்த்தப்பட்டது. நீர் நின்ற பாதித் தளத்தைப் பெயர்த்து வாட்டம் கொடுத்தார்கள். கைப்பிடிச் சுவர் மூலை வளைவாக அடைபட்டது. அவ்வாண்டு மழையில் மேலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. ஆனால் வடக்கு மூலையில் சுவரடியில் மட்டும் ஈரம் தெரிந்தது. காரியதரிசி சற்றுக் கலங்கி எனக்கு எழுதியிருந்தார். சாக்குக்கட்டிக் குறிப்பைப் பார்த்தோம். மழையில்லாத நாளிலும் அந்த ஈரம் இருந்திருக்கிறது. அது ஓதம். கூரைக்கு மறுபடி ஒரு சீட்டு எழுதாமல், சுவருக்கு வெளியே தேங்கிய நீருக்கு வடிகால் வெட்டினார்கள். நூல் அலமாரி மூலையைவிட்டு நகர்ந்தது.

இப்பொழுது கூரை வேலைச் சீட்டு எதிலும், நீர் எந்த வழியாக வந்தது, சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர், வாட்டம் எவ்வளவு, சோதனை நடந்த தேதி என்ன என்ற நான்கையும் பார்க்காமல் நான் ஒப்பமிடுவதில்லை. உங்கள் சங்கத்துத் தீர்மானப் புத்தகத்திலும் இந்நான்கு கேள்விகளை எழுதி வையுங்கள். அடுத்த மதிப்பீடு வரும்போது கேட்பதற்கு அவை உதவும்.